ஆய்வு நூலை எதை வைத்து நம்புவது? குடவோலையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

"சோழர் காலத்திலேயே நம் ஊரில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்தல் நடந்தது." இந்த வரியை மேடையில் கேட்டிருப்பீர்கள், வாட்ஸாப்பிலும் வந்திருக்கும். யாராவது ஆதாரம் கேட்டால், "பெரிய பெரிய ஆய்வு நூல்களிலேயே இருக்கிறது" என்று பதில் வரும். பேச்சு அத்துடன் நின்றுவிடும். எதிர்த் தரப்பிலும் ஒருவர் இருப்பார். "இந்த வரலாற்று ஆசிரியர்கள் ஆளுக்கொன்று எழுதுவார்கள், அதையெல்லாம் நம்ப முடியுமா?" என்பார் அவர்.

இரண்டு பேரும் ஆய்வு நூல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. முதலாமவர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார், இரண்டாமவர் வெறும் அபிப்பிராயமாக. வரலாறு, சமூகவியல், மானுடவியல், இலக்கியம் ஆகிய துறைகளின் ஆய்வு நூல்கள் இந்த இரண்டிலும் சேராதவை. அவற்றை நம்புவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அதைப் பழகிக்கொள்ளப் பட்டம் எதுவும் தேவையில்லை. மேலே சொன்ன 'தேர்தல்' என்பது குடவோலை முறை, அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஆளை எடுத்த முறை. அதையும் சோழ அரசையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

தாய்ப்பத்திரம் கேட்பது போல

நிலம் வாங்கப் போகிறோம். விற்பவர் "இது எங்கள் பூர்வீகச் சொத்து" என்கிறார். நல்ல மனிதர்தான், ஊரில் மரியாதை உள்ளவர்தான். இருந்தாலும் அந்தப் பேச்சை மட்டும் நம்பி யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்போம். அவருக்கு யார் எழுதிக்கொடுத்தார்கள், அதற்கு முன் யார் பெயரில் இருந்தது என்று ஒவ்வொரு பத்திரமாகப் பின்னோக்கிப் போவோம். நடுவில் ஒரு பத்திரம் விடுபட்டிருந்தால் அங்கேயே நிற்போம்.

ஆய்வு நூலில் அந்தப் பின்னோக்கிய வழியைத் திறந்து வைப்பது அடிக்குறிப்பு. பக்கத்தின் அடியிலோ நூலின் கடைசியிலோ சிறிய எழுத்தில் இருக்கும் அது, மேலே உள்ள வரி எதை நம்பி எழுதப்பட்டது என்று சொல்கிறது. பலர் இதைப் படிப்பின் ஆடம்பரமாக நினைத்துத் தாண்டிப்போகிறார்கள். உண்மையில் ஆசிரியர் தன்னைச் சரிபார்க்க நமக்குக் கொடுக்கும் சாவி அதுதான்.

அந்தச் சாவி இரண்டு வகை இடங்களுக்குக் கொண்டுபோகும். ஒன்று, முதன்மைச் சான்று: ஆராயப்படும் காலத்திலேயே, அல்லது நிகழ்வில் இருந்தவர்களாலேயே உருவான பொருள். கல்வெட்டு, செப்பேடு, கடிதம், நீதிமன்றப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஆய்வாளர் ஊரில் தங்கி எடுத்த நேர்காணல் எல்லாம் இதில் வரும். மற்றொன்று, இரண்டாம் நிலைச் சான்று: அந்தப் பொருளைப் பார்த்துப் பிற்காலத்தில் ஒருவர் எழுதியது. இரண்டும் தேவைதான். ஆனால் இரண்டாம் நிலை நூல் ஒன்றை இன்னொரு இரண்டாம் நிலை நூல் காட்டி, அதை மூன்றாவது நூல் காட்டி, கடைசிவரை யாருமே கல்லைப் பார்க்காமல் போவதும் நடக்கிறது. நகலுக்கு நகல் எடுத்துக்கொண்டே போனால் எழுத்து மங்கத்தான் செய்யும்.

கல்லில் என்ன இருக்கிறது

சரி, மக்கள் ஓட்டுப் போட்டார்கள் என்ற அந்த முதல் வரியைப் பின்னோக்கிக் கொண்டுபோவோம்.

அந்த வழி முடிவது காஞ்சிபுரம் மாவட்டம் உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில். சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. கல்வெட்டறிஞர் வெங்கையா இவற்றை இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் வெளியிட்டார். பின்னால் எழுதிய எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

உத்தரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அதன் மகாசபை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட விதிகள்தான் கல்லில் இருப்பவை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டிக் குடத்தில் போடுவார்கள். எல்லோர் முன்னிலையிலும், உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அந்த ஓலையில் உள்ள பெயர்தான் தேர்வு. இப்படி வந்தவர்கள் சம்வத்சர (ஆண்டு) வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்ற குழுக்களுக்குப் போனார்கள்.

ஓலையில் பெயர் ஏறத் தகுதி என்ன? இரண்டாவது கல்வெட்டின்படி, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள். வேதப் பயிற்சி வேண்டும். நிலம் குறைவாக இருந்து கல்வி கூடுதலாக இருந்தால் விலக்கு உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை.

இப்போது முதல் வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "மக்கள் ஓட்டுப் போட்டார்கள்" என்பது கல்லில் இல்லை. யாரும் வாக்கை எண்ணவில்லை, குலுக்கல் முறையில் எடுத்தார்கள். கலந்துகொண்டவர்களும் ஊரார் அனைவரும் கிடையாது. நிலமும் வேதமும் உடைய ஆண்கள், அதுவும் ஒரே வருணத்தார். அதே ஊரில் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

இதைச் சொன்னால் ஏதோ பெருமையைப் பறிப்பதாகச் சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்குக் காட்டாதவனை மட்டுமல்ல, அவன் உறவினரையும் சேர்த்து விலக்கி வைக்கும் விதியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சபை கல்லில் வெட்டியிருக்கிறது. பதவி ஒரே வீட்டில் சுற்றக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். கல்லில் உள்ளபடியே படித்தால் கிடைக்கும் இந்தச் செய்தி, "உலகின் முதல் தேர்தல்" என்ற முழக்கத்தில் காணாமல் போகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஒரு கூற்றைக் கேட்டால் அது நிற்கும் முதன்மைச் சான்று வரை பின்னோக்கிப் போக வேண்டும். போகும் வழியை அடிக்குறிப்பு காட்டும். போய்ப் பார்த்தால் கூற்றும் சான்றும் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம்.

சான்று ஒன்று, விளக்கம் பல

இங்கேதான் கடினமான பகுதி வருகிறது. சான்றைப் பார்த்துவிட்டால் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறோம். வருவதில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் யாரும் பொய் சொல்வது கிடையாது.

உத்தரமேரூர் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். 919-ஆம் ஆண்டுக் கூட்டத்தில் அரசன் ஆணைப்படி தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி உடனிருந்ததாக அது சொல்கிறது. இது சான்று. இதற்கு என்ன பொருள்? சோழ அரசின் கை கிராமம் வரை நீண்டிருந்தது என்று படிக்கலாம். சபை தானாக எடுத்த முடிவுக்கு மரியாதைக்காக ஒரு சாட்சியை வைத்துக்கொண்டது என்றும் படிக்கலாம். இதைக் கல் தீர்த்து வைக்காது. நூல் முழுக்க மற்ற சான்றுகளையும் அடுக்கி, "இப்படிப் படிப்பதே பொருத்தம், ஏனென்றால்..." என்று ஆசிரியர் காட்ட வேண்டும். அந்தக் காட்டுதலுக்குப் பெயர் வாதம். நல்ல ஆய்வு நூல் ஒன்றை ஓரிரு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் வருவது அதன் வாதம்தான். தகவல் தொகுப்புக்கும் ஆய்வு நூலுக்கும் உள்ள வேறுபாடும் அதுவே.

சோழ அரசைப் பற்றிய நீண்ட விவாதத்தைப் பார்த்தால் இது தெளிவாகும்.

சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி எழுதிய 'சோழர்கள்' 1935-இலும் 1937-இலும் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சிதறிக் கிடந்த கல்வெட்டுகளை ஒன்றாகக் கோத்து ஒரு பேரரசின் வரலாற்றை எழுதிய பெரும் உழைப்பு அது. மேலே வலுவான மன்னனும் அடுக்கடுக்கான அதிகாரிகளும், கீழே சுறுசுறுப்பான ஊர்ச் சபைகளும் என்ற சித்திரம் அதில் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு மேல் அந்தச் சித்திரம்தான் நிலைத்திருந்தது.

1980-இல் பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இடைக்காலத் தென்னிந்தியாவின் உழவர் சமூகம் பற்றிய தம் நூலில் இதைக் கேள்வி கேட்டார். மன்னனின் நிர்வாகப் பிடி காவிரிப் படுகை போன்ற மையப் பகுதியில் மட்டும்தான் இருந்தது, அதற்கு வெளியே அவனைச் சடங்கு வழியாகத் தலைவனாக ஏற்றுக்கொண்டார்களே தவிர, அன்றாட ஆட்சி 'நாடு' என்ற வட்டாரங்களின் கையில்தான் இருந்தது என்பது அவர் வாதம். இதற்குக் 'கூறாக்க அரசு' என்ற கருத்தைப் பயன்படுத்தினார். கிழக்கு ஆப்பிரிக்காவின் அலூர் மக்களைப் பற்றி ஏய்டன் சவுத்தால் என்ற மானுடவியலாளர் உருவாக்கிய கருத்து அது.

கோட்பாடு என்று சொல்வது இதைத்தான்: பல இடங்களில் நடப்பதைப் புரிந்துகொள்ள உதவும் பொதுவான விளக்கச் சட்டகம். பேச்சு வழக்கில் "அது வெறும் தியரி" என்றால் ஊகம் என்று பொருள். ஆய்வு நூலில் அந்தச் சொல்லுக்கு அப்படிப் பொருள் கிடையாது. அதே சமயம், வேறு மண்ணில் உருவான சட்டகம் இந்த மண்ணுக்குப் பொருந்துகிறதா என்று கேட்பது முழுக்க நியாயம். கேட்கவும் கேட்டார்கள்.

இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். எ. சுப்பராயலு 1973-இல் சோழ நாட்டின் அரசியல் புவியியலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். எந்த ஊர் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று கல்வெட்டுகள் குறிப்பிடுவதைத் திரட்டி, அந்த ஊர்களை இன்றைய வரைபடத்தில் அடையாளம் கண்டு, நாடுகளின் இருப்பிடங்களைக் குறித்தார். நாடு என்பது மேலிருந்து கோடு போட்டுப் பிரித்த நிர்வாகப் பிரிவு கிடையாது, உழவுக் குடியிருப்புகள் தாமாக ஒன்றுசேர்ந்த வட்டாரம் என்பது அந்த வரைபடத்திலிருந்து தெரிந்தது. ஸ்டைன் இந்த வரைபடத்தைப் பெரிதும் நம்பியே தம் வாதத்தைக் கட்டினார். ஆனால் வரைபடத்தை வரைந்த சுப்பராயலு ஸ்டைனின் முடிவை ஏற்கவில்லை! முதலாம் இராசராசன் காலத்தில் நாடுகளுக்கு மேலே 'வளநாடு' என்ற புதிய பிரிவுகள் வருகின்றன. ஆறுகளை எல்லையாக வைத்து அவை வகுக்கப்பட்டன. அப்படி வகுக்க மேலே ஒரு நிர்வாகக் கை வேண்டும் அல்லவா?

ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா வேறொரு வழியில் போனார். அவர் தமிழ் கற்று, கல்வெட்டுகளைத் தமிழிலேயே படித்தவர். ஒரு கல்வெட்டு ஒரு கருத்தைச் சொன்னால் அதை வைத்து நாடு முழுவதற்கும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. எண்ணிப் பார்க்க வேண்டும். சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் அவரும் சேர்ந்து சோழக் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு, எந்தப் பெயர் எந்தக் கல்வெட்டில் வருகிறது என்று காட்டும் ஓர் அடைவைத் தயாரித்து 1978-இல் வெளியிட்டார்கள். மூவேந்தவேளான் போன்ற பட்டங்கள் எங்கே, எந்தக் காலத்தில், யாருக்கு வருகின்றன என்று அதிலிருந்து கணக்கிட முடிந்தது. உத்தரமேரூரில் உட்கார்ந்திருந்த அந்த அதிகாரியின் பட்டத்தைத் தனியாக வைத்துப் பார்ப்பதற்கும், அதே பட்டம் உடைய எல்லோரையும் வரிசையாக வைத்துப் பார்ப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! வரிச் சொற்களையும் இப்படியே எண்ணினார்கள். ஒரே வரிப் பெயர் பல மண்டலங்களில் திரும்பத் திரும்ப வந்தால், பொதுவான ஒரு வரி நிர்வாகம் இருந்திருக்க வேண்டும் என்று வாதிட இடம் கிடைக்கிறது.

கராஷிமாவின் இன்னொரு ஆய்வு இன்னும் சின்னது, இன்னும் கூர்மையானது. திருச்சி வட்டாரத்தின் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே ஊர்களின் கல்வெட்டுகளை அருகருகே வைத்தார். ஈசானமங்கலம் பிரமதேயம், அல்லூர் அப்படி இல்லை. அல்லூரில் நிலம் ஊராரின் பொது உடைமையாகக் கையாளப்பட்டதையும், ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்களின் உடைமையாக இருந்ததையும் காட்டினார். "பழைய தமிழ்க் கிராமம்" என்று எல்லா ஊரையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசியதற்கு இரண்டு ஊர்களை வைத்தே பதில் சொல்லிவிட்டார்.

இவர்களில் ஒருவர் வென்று மற்றவர் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டைனின் கோட்பாட்டை அப்படியே ஏற்பவர்கள் இன்று குறைவு. ஆனால் அவர் கேட்ட கேள்வி வந்த பிறகு, சோழ அரசு எங்கும் ஒரே மாதிரி ஆண்டது என்று சும்மா எழுதிவிட்டுப் போக முடியாது. சாஸ்திரியின் முடிவுகள் சில மாறின. அவர் திரட்டிக் கொடுத்த சான்றுகளின் மேல் நின்றுதான் மற்றவர்கள் மாற்றினார்கள்.

ஆக, சான்று வேறு, அதன் மேல் கட்டிய வாதம் வேறு. "ஆளுக்கொன்று எழுதுகிறார்கள்" என்பது உண்மைதான். ஆனால் எல்லோரும் ஒரே கல்லைக் காட்டி, எதிராளியும் சரிபார்க்கும்படி எழுதுகிறார்கள்.

அச்சுக்கு முன்னும் பின்னும்

"சக ஆய்வாளர் மதிப்பீடு" என்ற சொல்லை இப்போது நிறையக் கேட்கிறோம். பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்று கையெழுத்துப் பிரதியை அதே துறையில் பழகிய, பதிப்பகத்துக்கு வெளியே உள்ள ஆட்களிடம், வழக்கமாக இரண்டு பேரிடம், கொடுத்துக் கருத்துக் கேட்பதுதான் அது. தங்கள் பெயர் ஆசிரியருக்குத் தெரியாமலே அவர்கள் எழுதித் தரலாம். வாதம் நிற்கிறதா, முக்கியமான சான்று விடுபட்டதா, முன்பு எழுதியவர்களைக் கணக்கில் எடுத்தாரா என்று பார்ப்பார்கள். ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும், திருத்த வேண்டும். பிறகுதான் பதிப்பகம் முடிவெடுக்கும்.

இதை "உண்மை என்று முத்திரை குத்திவிட்டார்கள்" என்று புரிந்துகொள்வது பெரிய தவறு. நிலத்துக்கு வக்கீலிடம் கருத்து வாங்குகிறோமே, அது மாதிரிதான் இதுவும். அவர் பத்திரங்களைப் படித்துச் சொல்வார், நிலத்தில் இறங்கி அளக்க மாட்டார். மதிப்பீட்டாளர்களும் ஒவ்வொரு கல்வெட்டையும் நேரில் போய்ப் படிப்பதில்லை. உண்மையான சோதனை நூல் வெளிவந்த பிறகு, மதிப்புரைகளிலும் அடுத்து வரும் நூல்களிலும்தான் நடக்கிறது. ஸ்டைனுக்கு நடந்தது அதுதான். அதற்குப் பத்து இருபது வருடங்கள்கூட ஆகலாம்.

பொது வாசகருக்கான கட்டுரை நூல்களை இப்படி வெளியாட்களிடம் அனுப்பும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, பதிப்பாசிரியர்தான் முடிவெடுப்பார். அதனால் அவை தரம் குறைந்தவை என்று ஆகிவிடாது. தமிழிலும் இந்த ஏற்பாடு இல்லாமலே உறுதியான ஆய்வு நூல்கள் வந்திருக்கின்றன. ஆசிரியர் சான்றைத் திறந்து வைத்தாரா என்பதுதான் எங்கும் கேட்க வேண்டிய கேள்வி.

கையில் ஒரு நூல் வந்தால்

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நாவல் போலப் படித்தே ஆக வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் ஆய்வு நூலை மூடிவைக்கிறார்கள். அப்படிப் படிக்க வேண்டியதில்லை.

முன்னுரையைப் படியுங்கள். வாதம் அங்கே இருக்கும். இல்லையென்றால் முடிவுரையில் இருக்கும். இரண்டிலும் கிடைக்கவில்லை என்றால் நூலில் வாதமே இல்லாமல் இருக்கலாம். அப்புறம் உங்களுக்கு ஓரளவு தெரிந்த ஒரு விஷயத்தை, உங்கள் ஊர் பெயராகவே இருக்கட்டும், சொல்லடைவில் தேடுங்கள். நூலில் வரும் பெயர்களும் பொருள்களும் எந்தெந்தப் பக்கத்தில் உள்ளன என்று கடைசியில் அகரவரிசையில் தருவதுதான் சொல்லடைவு. அந்தப் பக்கத்துக்குப் போய், அங்கே உள்ள அடிக்குறிப்பில் ஒன்றை மட்டும் எடுத்துப் பின்னால் போய்ப் பாருங்கள். முதன்மைச் சான்றில் போய் நிற்கிறதா, இன்னொரு நூலில் நிற்கிறதா, அல்லது "அறிஞர்கள் கூறுவர்" என்று காற்றில் நிற்கிறதா? ஒரே ஒரு குறிப்பைத் தேடிப் பார்த்தாலே நூலின் பழக்கம் தெரிந்துவிடும். குறிப்பு இருக்கிறது என்பதற்காக அது வரியைத் தாங்குகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில நேரம் அங்கே போனால் சொன்னதற்கு நேர்மாறாக இருக்கும்.

இந்தத் துறையில் தமிழ் வாசகருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளில் கல்வெட்டின் மூலம் தமிழ் எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. இடையிடையே வடமொழிச் சொற்களுக்குக் கிரந்த எழுத்து வரும், நடையும் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். ஆனாலும் உலகின் வேறு பகுதியில் இருந்து வரும் ஆய்வாளர் மொழியைக் கற்ற பிறகே தொடக்கூடிய சான்றை, நாம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்றைக்கே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பக்கம் கூடுகிறது, விலை ஏறுகிறது என்று சொல்லி, ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும் நூல்களில் அடிக்குறிப்புகளையும் சொல்லடைவையும் வெட்டிவிடும் பதிப்புகள் நம்மிடம் இருக்கின்றன. கடையில் நூலின் கடைசி இருபது பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அவை இல்லாவிட்டால் அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லிப் பதிப்பகத்துக்கு எழுதுங்கள். வாசகர் கேட்கவில்லை என்பதும் வெட்டுவதற்கு அவர்கள் சொல்லும் இன்னொரு காரணம்.